இட்டேரிப் பூப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற மண் வழியை, காட்டுப்பூக்களுக்கான நடைவழியாகப் பராமரித்து வருகிறோம். பார்க்க வருகிறவர்களும், தங்கள் ஊரில் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எந்த நர்சரியில் செடி வாங்கினீர்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எங்கும் வாங்கவில்லை. இங்கே பூக்கிற எதுவும் நாங்கள் கொண்டுவந்து நட்டதில்லை. ஆவாரை, தும்பை, கொழுஞ்சி எல்லாம் இந்த மண்ணிலேயே விதையாகக் கிடந்தவை. ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) முன்னால் 'சுத்தம் பண்ணுகிறோம்' என்று ஜேசிபி விட்டு இட்டேரியின் இரண்டு பக்கமும் வழித்தெடுப்பது வழக்கமாக இருந்தது. அப்படி வழிக்கும்போது மேல்மண்ணோடு விதையும் போய்விடும். வெறும் மண்ணில் முதலில் முளைத்து வருவது பார்த்தீனியம் என்கிற களைதான். அடுத்த வருஷம் அதைக் காட்டி, "புதர் மண்டிக் கிடக்குது" என்று மறுபடி ஜேசிபி வரும். இந்தச் சுற்றை நிறுத்தியதுதான் எங்கள் முதல் வேலை. சொல்லப்போனால் பெரிய வேலையும் அதுதான்.

இட்டேரி என்றால் என்ன?

வெளி மாவட்டத்துக்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'காடு' என்றால் வனம் கிடையாது, மானாவாரி நிலம். இரண்டு காடுகளுக்கு இடையே, இருபுறமும் உயிர்வேலி வைத்து, மாட்டுவண்டியும் ஆடு மாடுகளும் போக விட்ட மண் வழிதான் இட்டேரி. வேலியில் பெரும்பாலும் முள்கிளுவை இருக்கும். அதன் மேல் கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் படர்ந்திருக்கும். இடையிடையே வெள்வேல மரமும் வேம்பும் நிற்கும். காங்கேயம் மாடுகள் மேய்கிற கொறங்காடுகளைச் சுற்றியும் இதே கிளுவை வேலிதான்.

உழவுக்கும் களைக்கொல்லிக்கும் தப்பிய மண், இந்த வேலியோரத்து நாலு முழ அகலம்தான். அதனால் காட்டுக்குள் காணாமல்போன செடிகள்கூட இட்டேரியில் இருக்கும். கம்பிவேலியும் கல்தூணும் வர வர, கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். வழியைத் தார்ச்சாலை ஆக்கியதில் ஓரமும் போயிற்று. எங்களுடையது தப்பியதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. அது குட்டைக்குப் போகிற வழி. அதற்கு மேல் எந்த ஊருக்கும் போகாது.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

கருப்பராயன் கோயிலில் ஆரம்பித்துக் குட்டைக்கரை வரை, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேகமாக நடந்தால் கால் மணி நேரம். பூ பார்த்துக்கொண்டே நடந்தால் அரைநாள்கூடப் போதாது.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் கார்த்திகையில் வாருங்கள். இந்தப் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. ஐப்பசியில் நல்ல மழை இரண்டு கிடைத்துவிட்டால், கார்த்திகைக்குள் தரையே தெரியாது. வெள்ளைத் தும்பை, மஞ்சள் நாய்க்கடுகு, ஊதாக் கொழுஞ்சி, ஒற்றை இதழை மட்டும் விரித்து நிற்கிற ஓரிதழ் தாமரை எல்லாம் வந்துவிடும். புல்லுக்குள் குனிந்து பார்த்தால்தான் தெரிகிற விஷ்ணுகிராந்தியும் அப்போதுதான். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூ, ஆனால் அந்த நீலம் வேறு எந்தப் பூவிலும் இங்கே கிடையாது. அதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், பொழுது ஏற ஏறச் சுருங்கிவிடும்.

கிளுவை மேல் செங்காந்தள் ஏறுவதும் இந்தச் சமயம்தான். எங்கள் ஊரில் கண்வலிப்பூ என்றால்தான் தெரியும். மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டு ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்களே, அதே செடிதான். இங்கே தன்பாட்டுக்கு வேலியில் வளர்கிறது. பக்கத்தில் நின்று பாருங்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். பூ விரியும்போது பச்சையாக இருக்கும், அப்புறம் மஞ்சள், கடைசியில் நெருப்புச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் இருப்பதைப் பார்த்து 'மூன்று ஜாதியா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. இதழ்கள் எல்லாம் பின்னோக்கி வளைந்திருக்க, சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். நம் மாநிலப் பூ இது.

மார்கழி, தையில் ஆவாரையும் பூளைப்பூவும். ஆவாரை வருஷம் பூராவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். தையில்தான் இட்டேரி முழுக்க மஞ்சளாகும். மாசிக்கு மேல் எல்லாம் காய்ந்துவிடும். அப்போது வந்து 'பூப்பாதை என்றார்களே, முள்ளும் சருகும்தானே இருக்கிறது' என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். விதை அந்தச் சருகுக்குள்தான் இருக்கிறது. சித்திரையில் வேம்பு பூக்கும். கோடை மழை பெய்தால் வைகாசியில் கொஞ்ச நாள் பச்சை வரும். ஆடியில் வராதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் மேல்தான் நேராக அடிக்கும். கண்ணைத் திறக்க முடியாது.

நேரமும் முக்கியம். காலையில் வந்தால் நெருஞ்சியும் விஷ்ணுகிராந்தியும் கிடைக்கும். துத்திப்பூ சாயங்காலம்தான் விரியும். காலையில் வந்தவர்கள் 'துத்தி பூக்கவே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பூவைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆவாரம்பூப் பக்கத்தில் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சும்மா உதிராது. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். உப்புப்புட்டியைக் குலுக்கினால் உப்பு வருவது போல, துளை வழியாக மகரந்தம் கொட்டும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் ஒன்று, பூவைப் பிடித்தபின் வருவது இன்னொன்று, சட்டென்று சுருதி ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அப்புறம் அவர்களை அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடு.

எருக்கிலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருந்தால், அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கின் பாலில் உள்ள நஞ்சு அதன் உடம்பிலேயே தங்கிவிடுவதால் குருவிகள் அதைச் சீண்டுவதில்லை. தரையோடு படர்கிற ஆடுதீண்டாப்பாளையையும் வெட்ட வேண்டாம் என்று சொல்வது இதே காரணத்துக்காகத்தான். சிவப்பு உடம்புள்ள அழகி வகைக் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவது அந்தச் செடிக் குடும்பத்தில்தான். ஆடே தொடாத செடி எதற்கு என்று கேட்கிற பெரியவர்களிடம் இதைத்தான் காட்டுகிறோம்.

பூப் பறிக்கலாமா?

இதைப் பற்றி ஊருக்குள் நிறையப் பேசினோம், கொஞ்சம் சண்டையும் நடந்தது. 'பறிக்கக் கூடாது' என்று பலகை வைத்தால் முடிந்தது என்று எங்களில் சிலர் சொன்னார்கள். இந்த ஊரில் அது நடக்காது. போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். வீட்டு நிலைவாசலில், கட்டுத்தறியில், காட்டில் என்று எல்லா இடத்திலும் கட்டுவோம். பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி வேறு இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் பலகாரம் கட்டிக்கொண்டு ஆவாரம்பூப் பறிக்கப் போய், கும்மியடித்துப் பாட்டுப் பாடித் திரும்புகிற நாள் அது. பூப்பாதைக்கு இவர்களைவிட வேண்டியப்பட்டவர்கள் யார்?

ஆவாரை வீட்டுக்கு ஒரு கை பறிப்பதால் அழிகிற செடியும் கிடையாது. பொங்கலுக்கு முதல் வாரம் வெளியூரிலிருந்து வண்டி போட்டு வந்து, கிளையோடு வெட்டிச் சாக்கில் கட்டித் திருப்பூருக்கும் கோவைக்கும் விற்பனைக்குக் கொண்டு போகிறார்களே, அதைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பூளைப்பூவை வேரோடு பிடுங்குவதும் அவர்கள்தான். இப்போது ஏற்பாடு இதுதான்: வீட்டுக்கும் கோயிலுக்கும் நோம்பிக்கும் தாராளமாகப் பறிக்கலாம், கையால் மட்டும். அரிவாள் கூடாது, விற்பனைக்கு வெட்டக் கூடாது. மற்ற மாதங்களில், வெளியூர்க்காரர்கள் தயவுசெய்து படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செங்காந்தளை யாரும் எப்போதும் தொட வேண்டாம்.

உண்ணிச்செடியும் அழகாகத்தானே பூக்கிறது? அதை மட்டும் ஏன் வெட்டுகிறீர்கள்?

அழகுக்காகக் கொண்டுவந்ததுதான் வம்பாகிவிட்டது. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி, 1800-களின் தொடக்கத்தில் பூங்காக்களுக்காக இந்தியாவுக்கு வந்தது. மைனாவும் சின்னானும் பழத்தைத் தின்று போகிற இடமெல்லாம் போட்டுவிடும். அது மண்டிய இடத்தில் தும்பை, கொழுஞ்சி ஒன்றும் எழாது. இலையைத் தின்ற மாட்டுக்கும் நல்லதில்லை.

மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் தழைக்கும். பழம் பிடிக்கும் முன்பே, மண்ணுக்குக் கீழே ஒரு விரல்கட்டை ஆழத்தில் வேரைத் துண்டித்து, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும். ஈரம் இருக்கும்போது இரண்டு பேர் மம்பட்டியோடு நின்றால் செய்துவிடலாம். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியம் வரும் என்பதால், அங்கே மட்டும் உடனே ஆவாரை, கொழுஞ்சி விதையைத் தூவிவிடுகிறோம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு. தோல் அரிப்பு, மூச்சிழுப்பு உள்ளவர்கள் அந்த வேலைக்கு வர வேண்டாம்.

வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் நாங்கள் பிடுங்குவதில்லை. கிணற்றடிப்பூண்டும் அமெரிக்கச் செடிதான். தரையோடு கிடக்கிறது, யாரையும் நெருக்குவதில்லை, வறட்சியில்கூட வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதில் தேன் கிடைக்கிறது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இதில் கறாரான தாவரவியல்காரர்களோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லையா?

இட்டேரி முதலில் அவர்களுக்குத்தான், அப்புறம்தான் பூ. அளவாக மேய்ந்தால் நல்லதும்கூட. புல் ஓங்கி வளர்ந்துவிட்டால் விஷ்ணுகிராந்தி போன்ற தரைச்செடிகளுக்கு வெயில் கிடைக்காது. மழை விழுந்து முளை எழும்புகிற சில வாரம் மட்டும் பட்டி ஆடுகளை வேறு வழியாக ஓட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம், ஒத்துக்கொண்டார்கள். ஒரு மூத்த அக்கா, நாற்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு தினமும் இந்த வழியாகப் போகிறவர், எந்தச் செடி எங்கே எப்போது பூக்கும் என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறார். எங்கள் பட்டியலில் பாதி அவர் சொன்னதுதான். ஆட்டைவிடத் தொந்தரவு மயில். விதை தூவினால் விடிவதற்குள் பொறுக்கிவிடும். மேலே முள் போட்டு மூடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பாம்பு இருக்குமே?

இருக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம், கட்டுவிரியன் எல்லாம் இந்தப் பக்கம் உண்டு. நடுவழியிலேயே நடங்கள். மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், வேலிக்குள் கை விடாதீர்கள். பொழுது சாய்ந்தபின் யாரையும் உள்ளே அனுப்புவதில்லை. நடக்கிற தடத்தை மட்டும் புல் இல்லாமல் செதுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? விஷச்செடி ஏதாவது உண்டா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஆனால் எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். செங்காந்தளின் கிழங்கு, விதை இரண்டிலும் கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, உயிரே போகும். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் கட்டாயம் கையில் எடுப்பார்கள். மென்றுவிட்டால் ஆபத்து. ஊமத்தங்காயும் அப்படித்தான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றை எல்லாம் வெட்டிவிட்டால் என்ன என்று ஒரு பெற்றோர் கேட்டார். வெட்டினால் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாமல் போகும், வேறெங்காவது போய்த் தின்பார்கள்.

நிலம் யாருடையது? அனுமதி வாங்கினீர்களா?

இட்டேரி பெரும்பாலும் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்றோ புறம்போக்கு என்றோ இருக்கும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணும் புலப்படமும் பாருங்கள். எங்கள் இட்டேரியில் ஒரு பகுதி பட்டா நிலத்துக்குள் வருகிறது. அந்தத் தோட்டத்துக்காரரிடம் பேசி ஒப்புதல் வாங்கினோம். அப்புறம் கிராம சபையில் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. தீர்மானத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: இயந்திரம் விடக் கூடாது, கையால் வெட்டுவதும் விதை உதிர்ந்தபிறகு, மாசியில்தான். அதுவும் ஒரு வருஷம் தென்புறம், அடுத்த வருஷம் வடபுறம். தீர்மான நகல் கையில் இருந்தால் ஜேசிபி வரும்போது பேச முடியும். வாய்ப்பேச்சு அடுத்த தலைவர் வரும்வரைதான் நிற்கும்.

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, இட்டேரிச் செடிகளை அதில் ஏற்றச் சொல்லுங்கள்.

செடியின் பெயர் தெரியாவிட்டால் யாரைக் கேட்பது?

முதலில் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களையும், நாட்டு வைத்தியம் தெரிந்தவர்களையும். அதிலும் தெளியாவிட்டால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் கோவையில்தான் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில். பூவும் காயும் இலையும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு போங்கள்; இலையை மட்டும் காட்டினால் யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் ஊரிலும் செய்ய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்க?

முதல் வருஷம் எதுவும் நடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கி, மாதம் இரண்டு முறை நடந்து, எங்கே என்ன பூக்கிறது என்று எழுதுங்கள். வெட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வருவதைப் பார்த்தால், பாதி வேலை முடிந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும். நிஜமாகவே வெறுமையாகிவிட்ட இடத்துக்கு மட்டும் பக்கத்து இட்டேரியில் விதை எடுங்கள். பத்துக் காயில் இரண்டு மூன்று பறித்தால் போதும். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டுப் புரட்டாசிக் கடைசியில் போடுங்கள். தும்பை விதை பொடி மாதிரி இருக்கும், மண்ணில் புதைக்காமல் மேலாகத் தூவினால் போதும். கிளுவை வேலி இடிந்த இடத்தில் முற்றிய குச்சி வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

விதைப்பந்து பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு உருட்டச் சந்தோஷமாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். அதற்கு மேல் எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கடையில் விற்கிற 'காட்டுப்பூ விதைக் கலவை' வாங்கவே வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் தோட்டத்துப் பூக்கள்.

செலவு?

மிகக் குறைவு. மம்பட்டி, கொடுவாள், தொரட்டி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கையுறையும் பெயர்ப்பலகைக்குத் தகரமும் வாங்கினோம். பலகையை மரத்தில் ஆணியடிக்காமல் தனிக் குச்சியில் கட்டியிருக்கிறோம்.

கல்யாண போட்டோஷூட்டுக்கு அனுமதி உண்டா?

இல்லைங்க. ஒருமுறை விட்டோம், வண்ணப்புகையும் ட்ரோனும் வந்தது, பொண்ணும் மாப்பிள்ளையும் தும்பை மேல் படுத்தார்கள். பைக்கும் உள்ளே கூடாது, தோட்டத்துக்காரர்கள் வண்டியைத் தவிர.

வர வேண்டும் என்றால் என்ன கொண்டு வர வேண்டும்?

தண்ணீர், தொப்பி, முழுக்கால் உடை. நாயுருவியும் ஒட்டுப்புல்லும் துணியில் ஒட்டும் என்பதால் நல்ல துணி வேண்டாம். கார், வேன் எல்லாம் கோயில் திடலோடு நிறுத்திவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு சமயத்தில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் எங்களில் யாராவது உண்ணிச்செடி தோண்டிக்கொண்டிருப்போம். கூட ஒரு மம்பட்டி எப்போதும் இருக்கும்.